ஸ்ரீ ஜெய்பால் சிங்: ஆதிவாசிகளுக்காக வாதாடியவர்

ஒரு தேசம் அன்னிய ஆட்சியினின்று விடுபடும்போது, அவ்விடுதலை யாருக்கெல்லாம் உரியது என்னும் கேள்வி எழுவது இயற்கை. கல்வி கற்றவர்களும், நகரவாசிகளும், சிறை சென்ற தியாகிகளும் அதில் தங்கள் பங்கைக் கோரி நிற்பார்கள். அவர்கள் கோருவதும் நியாயமே. ஆனால் காடுகளிலும் மலைகளிலும் வாழ்ந்து, பட்டணத்தின் முகத்தையே அறியாத ஜனங்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பவர் மிகச் சிலரே. நமது அரசியல் நிர்ணய சபையில் 1946 முதல் 1949 வரை அக்கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டு வந்தவர் ஸ்ரீ ஜெய்பால் சிங். அவர் காங்கிரஸ்வாதி அல்ல. அவருடைய செய்கைகளில் சில, தேசபக்தர்களுக்கு அக்காலத்தில் வருத்தத்தையே அளித்தன. ஆயினும் அவர் அச்சபையில் எழுப்பிய வாதங்களை இன்று அமைதியாக ஆராய்வோருக்கு, அவர் பேசியது ஒரு கட்சிக்காக அன்று, தேசத்தின் மனச்சாட்சிக்காக என்பது விளங்கும்.

சோட்டா நாகபுரிப் பீடபூமியில், ராஞ்சிக்குத் தெற்கேயுள்ள குந்த்டி வட்டாரத்தில் டக்ரா என்றொரு சிறு கிராமம் உண்டு. அங்கே முண்டா வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் 1903-ம் வருஷம் ஜனவரி மாதம் 3-ந் தேதி அவர் பிறந்தார். பிரமோத் பாஹன் என்பது பிள்ளைப் பருவத்தில் வழங்கிய பெயர். பாஹன் என்பது கிராமப் பூசாரிக்கு முண்டாக்கள் இட்டிருக்கும் பெயராகும். அவர் பிறப்பதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்னர்தான், அதே வட்டாரத்தில் தோன்றி, நிலங்களைப் பறித்த ஜமீன்தார்களையும் லேவாதேவிக்காரர்களையும் அவர்களுக்குத் துணை நின்ற வெள்ளையர் ஆட்சியையும் எதிர்த்துக் கிளர்ச்சி செய்த பிர்ஸா முண்டா, 1900-ல் ராஞ்சிச் சிறையில் உயிர் துறந்தார். அக்கிளர்ச்சியின் நினைவு ஆறாத மண்ணிலே, மாடு மேய்த்துத் திரிந்த சிறுவனாக ஜெய்பால் வளர்ந்தார்.

ராஞ்சியிலுள்ள ஸெயிண்ட் பால் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டார். அவருடைய கூரிய அறிவைக் கண்ட காஸ்கிரேவ் என்னும் பாதிரியார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸெயிண்ட் ஜான் கலாசாலையில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றதோடு, ஹாக்கி ஆட்டத்தில் சர்வகலாசாலையின் சார்பில் ஆடும் பெருமையையும் அடைந்தார். பிறகு ஐ.ஸி.எஸ். பரீட்சையிலும் தேறினார். அக்காலத்தில் ஓர் இந்திய வாலிபனுக்கு இதைவிட உயர்ந்த பாக்கியம் இல்லையென்று பெற்றோர் கருதிய பதவி அது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய ஹாக்கிக் கோஷ்டியின் தலைவராகும்படி அவருக்கு அழைப்பு வந்தபோது, மேலதிகாரிகள் லீவு கொடுக்க மறுத்தனர். அவர் லீவின்றியே சென்றார். ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் போட்டு, எதிரிகளிடம் ஒரு கோலும் வாங்காமல் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. கோஷ்டிக்குள் நேர்ந்த மனத்தாங்கலால் இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் ஆடவில்லை. திரும்பி வந்தவரை, விட்ட படிப்புக்கு ஈடாக இன்னும் ஒரு வருஷம் பயிற்சி பெற வேண்டும் என்று அதிகாரிகள் பணித்தார்கள். அவர் பதவியையே துறந்துவிட்டார்.

அதன்பின் பத்து வருஷ காலம் அவர் பல உத்தியோகங்களை வகித்தார். கல்கத்தாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். காங்கிரஸ் மகாசபையின் முதல் அக்கிராசனரான உமேஷ் சந்திர பானர்ஜியின் பேத்தி தாரா மஜும்தாரை மணந்தார். ஆப்பிரிக்காவில், இப்போது கானா என வழங்கும் கோல்டு கோஸ்டு நாட்டில், அச்சிமோட்டா கலாசாலையில் ஆசிரியராக இருந்தார். பின்னர் ராய்ப்பூரில் ராஜகுமாரர்களுக்கான கலாசாலையிலும், பிக்கானீர் ஸமஸ்தானத்திலும் பணியாற்றினார். இவ்வளவு சுகங்களுக்கிடையே அவர் தம் ஜனங்களை மறந்திருக்கலாம். மறந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் 1938-ல் ஆதிவாசி மகாசபை ராஞ்சியில் உருவாயிற்று. 1939 ஜனவரியில் அதன் அக்கிராசனப் பதவியை ஏற்கும்படி அழைத்தபோது, அவர் மறுக்காமல் ஏற்றார். அதுமுதல் சோட்டா நாகபுரி ஜனங்கள் அவரை மராங் கோம்கே, அதாவது மகா தலைவர், என்று அழைக்கலானார்கள்.

அவர் ஏற்ற காரியத்தின் கடுமையை உணர, ஆதிவாசிகள் விஷயத்தில் சர்க்கார் கையாண்டு வந்த கொள்கையைச் சிறிது அறிதல் வேண்டும். 1874-ம் வருஷத்துச் சட்டத்தினால் மலைப் பிரதேசங்கள் பொதுச் சட்டங்களினின்று பிரித்து வைக்கப்பட்டன. 1935-ம் வருஷத்து இந்தியா சட்டம் அவற்றை முழுதும் விலக்கப்பட்ட பகுதிகள், ஓரளவு விலக்கப்பட்ட பகுதிகள் என இருவகையாக்கி, கவர்னர்களின் தனி அதிகாரத்தில் வைத்தது. மாகாண சட்டசபை செய்யும் எந்தச் சட்டமும், கவர்னர் உத்தரவிட்டாலன்றி அங்கே செல்லாது. ஜனங்களைப் பிரித்தாளும் சூழ்ச்சியே இது என்று தேசியவாதிகள் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆனால் வேலியை அகற்றினால் உள்ளே புகுவோர் யார் என்பதை அவர்களில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. வேலி இருந்தபோதே நிலம் பறிபோன கதையைச் சோட்டா நாகபுரி அறியும். காட்டைத் திருத்தி முதன்முதல் உழுத குடும்பங்களுக்கே நிலம் பொதுவில் சொந்தம் என்பது குந்த்கட்டி என்னும் முண்டாக்களின் பழைய முறை. வெளியிலிருந்து வந்தவர்களின் பத்திரங்களும் கோர்ட்டுகளும் அம்முறையைத் தின்றுவிட்டன. பிர்ஸாவின் கிளர்ச்சிக்குப் பிறகுதான் 1908-ல் சோட்டா நாகபுரி குடிவாரச் சட்டம் பிறந்து, ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போவதற்குத் தடை விதித்தது.

இந்நிலையில் ஜெய்பால் சிங் கைக்கொண்ட அரசியல் வழி முற்றும் குற்றமற்றது என்று நாம் கூறோம். இரண்டாவது மகா யுத்தத்தின்போது, காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் வாடிய காலத்தில், அவர் பிரிட்டிஷாரின் யுத்த முயற்சியை ஆதரித்து ஆதிவாசி வாலிபர்களைப் பட்டாளத்தில் சேரச் செய்தார். சில காலம் முஸ்லிம் லீகின் நட்பையும் நாடினார். பீஹார் மாகாணத்தினின்று தம் ஜனங்களைப் பிரித்துத் தனி ஜார்க்கண்டு அமைக்க உதவுவோர் எவராயினும் சரி என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். தேசத்தின் பெரும் போராட்டம் நடந்த வேளையில் அவ்வழி பலருக்குக் கசந்ததில் வியப்பில்லை. ஆயினும், காங்கிரஸ் மந்திரி சபைகளும் ஆதிவாசிகளின் குறைகளுக்குச் செவி சாய்க்கத் தாமதித்தன என்பதையும் நடுநிலையாளர் மறக்கலாகாது.

1946-ல் அவர் பீஹாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சுயேச்சை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வருஷம் டிசம்பர் 13-ந் தேதி பண்டித நேரு லட்சியத் தீர்மானத்தைப் பிரேரேபித்தார். சிறுபான்மையோருக்கும், பின்தங்கிய பிரதேசங்களுக்கும், மலைஜாதியார் வாழும் பகுதிகளுக்கும் போதிய பாதுகாப்பு அளிக்கப்படும் என்பது அதில் ஓர் அம்சம். 19-ந் தேதி ஜெய்பால் சிங் எழுந்தார். காட்டான் என்று பிறர் இகழும் பெயரையே தாம் பெருமையுடன் ஏற்பதாகக் கூறி, மூன்று கோடிக்கு மேற்பட்ட ஆதிவாசிகளின் சார்பில் பேசுவதாகத் தொடங்கினார். சிந்து நதிப் பள்ளத்தாக்கின் பழைய நாகரிகத்துக்கு உரியவர்கள் தம் முன்னோர்களே என்றும், சபையில் வீற்றிருப்போரில் பெரும்பாலோர் பின்னால் வந்தவர்களின் சந்ததியார் என்றும் அவர் சாதித்தார். அந்தச் சரித்திர வாதத்தைப் பண்டிதர்கள் எவ்வாறு முடிவு செய்யினும், அதன்பின் அவர் கூறியதே முக்கியமானது. தம் ஜனங்கள் அடைந்த துன்பம் அவ்வளவு நெடியதாக இருந்தும், புதிய அத்தியாயம் தொடங்கப் போவதாகத் தலைவர்கள் கூறும் வாக்கை நம்பித் தீர்மானத்தை ஆதரிப்பதாக அவர் அறிவித்தார். சபையில் ஆண்களே மிகுந்திருப்பதையும், பெண்கள் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பதையும் எடுத்துக் காட்டினார்.

அன்று அவர் கூறிய மற்றொன்று பலரைத் திடுக்கிடச் செய்தது. ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை, அதை அவர்களிடமிருந்துதான் பிறர் கற்க வேண்டும் என்பதே அது. இது வெறும் அலங்காரப் பேச்சன்று. முண்டா கிராமங்களில் நில விஷயமும் குடும்ப வழக்கும் ஊரார் கூடிப் பேசியே தீர்க்கப்பட்டு வந்தன. பல கிராமங்கள் சேர்ந்த பர்ஹா என்னும் பஞ்சாயத்தும் தொன்றுதொட்டு அவர்களிடம் உண்டு. பாதுகாப்பு அளிப்பதாகச் சொல்வோர் பாதுகாக்கப்படுபவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்பதே அவருடைய வாதத்தின் உட்பொருள். அடுத்த மூன்று வருஷங்களில் அவர் கொண்டு வந்த திருத்தங்கள் பலவும் இந்த ஒன்றையே சுற்றி வந்தன.

சுதந்திரம் வந்து ஐந்து மாதங்களுக்குள் ஒரு கொடுந் துயரம் நேர்ந்தது. ஸெராய்கெலா, கர்ஸவான் என்னும் சிறு ஸமஸ்தானங்களை ஒரிஸ்ஸாவுடன் இணைக்கத் தீர்மானிக்கப்பட்டது. அங்குள்ள ஆதிவாசிகள் அதை விரும்பவில்லை. 1948 ஜனவரி 1-ந் தேதி, கர்ஸவான் சந்தை கூடும் நாளில், ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஜெய்பால் சிங் வந்து பேசுவார் என்று எதிர்பார்த்தே பலர் நெடுந்தூரம் நடந்து வந்திருந்தனர். அவர் அன்று வரவில்லை. ஒரிஸ்ஸாப் போலீஸார் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். மாண்டவர் தொகை எவ்வளவு என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. சர்க்கார் கணக்குக்கும் ஜனங்களின் கணக்குக்கும் வெகுதூரம். அவ்விரு ஸமஸ்தானங்களும் அவ்வருஷமே பீஹாருடன் சேர்க்கப்பட்டன. தலைவர் வராத அந்த நாளை, அவரை நேசித்த ஜனங்களும் மறந்ததில்லை. எந்த ராஜ்யத்தில் சேர்வது என்று அந்த ஜனங்களை முன்கூட்டி யாரும் கேட்டிருந்தால் அத்தனை உயிர்கள் போயிருக்க வேண்டியதில்லை.

1948 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சபை ஷரத்து ஷரத்தாக நகலை ஆராய்ந்தது. மதுவிலக்கு விவாதம் வந்தபோது, சபையில் பெரும்பாலோருக்குப் பிரியமான அந்தக் கொள்கையை அவர் எதிர்த்து நின்றார். அரிசியில் காய்ச்சும் பானம் ஆதிவாசிகளின் பூஜைகளிலும் பண்டிகைகளிலும் கலந்தது என்றும், மேற்கு வங்காளத்தில் நாற்று நடும் ஸந்தால் கூலியாட்களுக்கு அது இல்லாவிடில் நடவே நடக்காது என்றும் அவர் வாதித்தார். மதுவினால் ஏழைக் குடும்பங்கள் அழிவதைக் கண்ட நாம் இந்த வாதத்தை ஏற்பதற்கில்லை. அவருடைய மலைகளிலும் கள்ளுக் கடைக்காரனிடம் நிலத்தை இழந்தோர் இல்லாமற் போகவில்லை. ஆனால் ஒருவன் தெய்வத்துக்குப் படைப்பதை விலக்குமுன் அவனைக் கலந்து பேச வேண்டும் என்ற அளவில் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஷரத்து நிறைவேறியது.

டிசம்பரில் எழுந்த விவாதம் இதனினும் ஆழமானது. ஆயுதமின்றிக் கூடும் உரிமையைப் பற்றிய ஷரத்து வந்தபோது, வில்லும் அம்பும் இல்லாமல் ஆதிவாசி வீட்டை விட்டே புறப்படுவதில்லை என்பதை அவர் நினைவூட்டினார். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒராவன் பெண்கள் ஆண் உடை தரித்து, ஆயுதம் ஏந்தி வேட்டைக்குச் செல்லும் பழைய வழக்கத்தை எடுத்துரைத்து, இதையும் குற்றமென்று போலீஸார் பிடிப்பார்களோ என்று வினவினார். ஆதிவாசி என்னும் பெயரே சட்டத்தில் இடம் பெற வேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கை. வனஜாதி என்ற மொழிபெயர்ப்பை அவர் வெறுத்தார். காட்டில் வாழ்வது ஒரு ஜாதியின் குணம் ஆகாது. முதற்குடிகள் என்ற உரிமையைக் குறிக்கும் சொல்லே வேண்டும் என்பது அவர் கருத்து. டாக்டர் அம்பேத்கார் இதற்கு இணங்கவில்லை. ஆதிவாசி என்பது பொதுப் பெயர், சட்டத்தில் அதற்கு நிச்சயமான பொருள் இல்லை என்றும், எந்தெந்தக் குலத்தாருக்குச் சலுகை உரியது என்று ஜாபிதாவில் எழுதிவிட்டால் கோர்ட்டுகளில் சந்தேகம் எழாது என்றும் அவர் விளக்கினார். சட்ட நிபுணர் என்ற முறையில் அவர் கூறியது சரியே. அட்டவணைப் பழங்குடிகள் என்ற பெயரே நிலைத்தது. ஜாபிதாவில் சேர்க்கப்பட்டவன் சலுகை பெற்றான். முதற்குடி என்று சட்டம் அவனைச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் வெளியே நின்றுவிட்டது.

இறுதியும் முக்கியமுமான விவாதம் 1949 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. அஸ்ஸாம் மலைகளுக்கு 6-வது அட்டவணை. மற்ற மாகாணங்களின் ஆதிவாசிகளுக்கு 5-வது அட்டவணை. அஸ்ஸாம் மலைகளில் ஜில்லாக் கவுன்ஸில்கள் ஏற்படுத்தி, நிலம், காடு, கிராம நிர்வாகம் முதலியவற்றில் சட்டம் செய்யும் அதிகாரத்தையே கொடுக்க ஸ்ரீ கோபிநாத் பர்தொலாய் தலைமையில் அமைந்த கமிட்டி சிபாரிசு செய்திருந்தது. காஸி மலையினரான ரெவரண்டு நிக்கல்ஸ் ராய் அதற்காக உறுதியுடன் வாதாடினார். இதனால் தேசம் துண்டுபடும் என்று ஸ்ரீ குலாதர் சாலிஹா போன்றோர் அஞ்சினர். ஆயினும் கவுன்ஸில்கள் அமைந்தன.

மத்திய இந்தியாவின் ஆதிவாசிகளுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. 1948-ல் வெளியான முதல் நகலில், ஆதிவாசிகளின் ஆலோசனைக் கவுன்ஸில், அவர்களுடைய நலன் பற்றிய எல்லா விஷயங்களிலும் பொதுவாகச் சர்க்காருக்கு யோசனை கூறும் கடமையைப் பெற்றிருந்தது. டாக்டர் அம்பேத்கார் 1949-ல் கொண்டு வந்த திருத்திய அட்டவணையிலோ, கவர்னர் தாமே அனுப்பி வைக்கும் விஷயங்களில் மட்டும் அது யோசனை கூறலாம் என்று சுருக்கப்பட்டது. ஜெய்பால் சிங்கின் கண் இந்த மாற்றத்தின்மீதே விழுந்தது. கவுன்ஸில் பலவீனப்படுத்தப்பட்டு விட்டது என்று அவர் குறைகூறினார். இது சிறு விஷயம்போல் தோன்றலாம். கேட்டால் மட்டும் பேசலாம் என்ற நிபந்தனையுடன் சபைக்கு அழைக்கப்பட்டவன், கேட்காதபோது என்ன செய்வான்? நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், லேவாதேவியைக் கட்டுப்படுத்தவும் கவர்னருக்கு அதிகாரம் கிடைத்தது. அந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தாமல் வாளாவிருந்தால் அவரைத் தட்டி எழுப்பும் உரிமை ஆதிவாசிகளுக்குக் கிடைக்கவில்லை. பில் ஜனங்களுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட தக்கர் பாபா போன்ற உத்தமர்களும் சபையில் இருந்தனர். அவர்களுடைய அன்பில் ஐயமில்லை. பிறருடைய அன்பை நம்பி வாழும் நிலையிலிருந்து தம் ஜனங்கள் விடுபட வேண்டும் என்பதே ஜெய்பாலின் விருப்பம். அதே மாதத்தில் பாஷை விவாதம் வந்தபோது, முண்டாரி, கோண்டி, ஒராவன் பாஷைகளை அட்டவணையில் சேர்க்கும்படி அவர் கேட்டார். அதுவும் ஏற்கப்படவில்லை.

அரசியல் சட்டம் அமலுக்கு வந்த 1950-ல் ஆதிவாசி மகாசபை ஜார்க்கண்டு கட்சியாக மாறியது. 1952 தேர்தலில் அக்கட்சி பீஹார் சட்டசபையில் 30-க்கு மேற்பட்ட ஸ்தானங்களைப் பெற்று முக்கிய எதிர்க்கட்சியாக விளங்கியது. ஜெய்பால் சிங் லோக்சபை அங்கத்தினரானார். ராஜ்யங்கள் புனரமைப்புக் கமிஷன் 1955-ல் தனி ஜார்க்கண்டு கோரிக்கையை நிராகரித்தது. கட்சியின் பலம் தேய்ந்தது. 1963-ல் அவர் அதைக் காங்கிரஸுடன் இணைத்துவிட்டார். சிறிது காலம் பீஹாரில் மந்திரியாகவும் இருந்தார். தாம் வளர்த்த இயக்கத்தைத் தாமே கலைத்துவிட்டார் என்று அவருடைய தொண்டர்களிற் பலர் மனம் கசந்து பிரிந்தனர். ஜனங்களிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்று சர்க்காருக்குப் போதித்தவர், இந்த ஒரு காரியத்தில் தம் ஜனங்களைப் போதிய அளவு கேட்டாரா என்பது நியாயமான கேள்வியே. 1970 மார்ச் 20-ந் தேதி டில்லியில் அவர் காலமானார்.

அவர் மறைந்து முப்பது வருஷங்களுக்குப் பின், 2000-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி, பிர்ஸா முண்டாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்டு தனி ராஜ்யமாயிற்று. 2003-ல் ஸந்தாலி பாஷை 8-வது அட்டவணையில் ஏறிற்று. அவர் கேட்ட மூன்று பாஷைகளும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. 1996-ல் பார்லிமெண்டு செய்த சட்டம், அட்டவணைப் பிரதேசங்களில் நிலம் எடுக்குமுன் கிராம சபையைக் கலந்து கொள்ள வேண்டும் என்று விதித்தது. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013-ல் ஒடிஸ்ஸாவின் நியம்கிரி மலையில் பாக்ஸைட் தோண்டலாமா என்ற வழக்கில், கிராம சபைகளே கூடி யோசிக்கட்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. டோங்ரியா கோண்டு ஜனங்கள் முதலானோர் கூடிய பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றே கூறின. சுரங்கம் தோண்டப்படவில்லை. 1949-ல் சபை ஏற்காத வாதம், அறுபத்து நான்கு வருஷங்களுக்குப் பின் அம்மலையின்மீது வெற்றி பெற்றது. ஆனால் எல்லா மலைகளிலும் அது வெற்றி பெறவில்லை என்பதையும் நேயர்கள் அறிவார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இங்கே அட்டவணைப் பிரதேசம் என்று எந்த இடமும் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் இருளர், தோடர், காணிக்காரர், மலையாளிகள் முதலிய பழங்குடிகள் இருப்பதனால், 5-வது அட்டவணையில் கண்டபடி ஆலோசனைக் கவுன்ஸில் ஒன்று இங்கும் உண்டு. அக்கவுன்ஸில் எப்போது கூடுகிறது, அதன்முன் எவ்விஷயங்கள் வைக்கப்படுகின்றன என்று நம் அரசியல் ஊழியர்களில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? ரஸ்தா போடவும், அணை கட்டவும், புலிகளைக் காக்கவும் திட்டங்கள் வகுப்போர் மலைக்குச் செல்கிறார்கள். திட்டம் நல்லதாகவே இருக்கலாம். அதனுடன் மலையேறும் ஊழியர் ஒவ்வொருவரும், அங்கு வாழும் ஜனங்களைக் கூட்டி முதலில் கேட்டார்களா என்பதை விசாரித்துவிட்டு ஏறுவார்களாயின், டக்ரா கிராமத்தில் மாடு மேய்த்த சிறுவன் சபையில் மூன்று வருஷம் வாதாடியது வீண்போகாது.